யாழ்ப்பாணத்து மழையும் மரமும்



யாழ்ப்பாணத்தை வறண்ட நாடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை இங்கே பெய்கிறது. இலண்டன் மாநகரில் பெய்வது இதிற் பாதியளவே. அங்கே புல்வெளி பெரும்பாலும் பசுமை மாறாதிருக்க, இங்கே ஆனி, ஆடியில் தரவைநிலம் காய்ந்து சருகாகிவிடுகிறது. காரணம் என்ன?

இலண்டனில் மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிடப்பட்டுக் குளிர்ந்த மண்ணில் விழுகிறது, மெல்லவே ஆவியாகிறது. நமது மழையின் பெரும்பகுதியோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வந்து கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பின்னர் வெயில், அதன்பின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சும் சோளகக் காற்று. சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியசு. குளிர்காலம் என்று ஒன்று வந்து செடிகளை உறங்கவைப்பதில்லை. இங்கு மரஞ்செடிகளுக்குள்ள சோதனை ஒன்றே: மூன்று மாத நீரைக்கொண்டு ஓராண்டை ஓட்டவேண்டும்.

பற்றைக் காணிகளிலே காரையும் சூரையும் இலையைச் சிறுக்கவைத்து, முள்ளோடு நின்று இச்சோதனையைக் கடக்கின்றன. பனையின் வழி வேறு. ஆடி, ஆவணியிற் பனம்பழம் விழுகிறது. மழை தொடங்கியதும் விதை முளைக்கிறது. ஆனால் மேலே இலை காட்ட அது அவசரப்படுவதில்லை. முளையை முதலில் நிலத்துள் ஆழ இறக்கி, அங்கே மாப்பொருளைச் சேமித்து வைக்கிறது. தை, மாசியில் நாம் கிண்டி எடுத்து அவித்துண்ணும் கிழங்கு, கோடைக்கென்று அந்தக் கன்று தேடிவைத்த முதல். (அதைத் தின்றுவிட்டுப் பனையைப் புகழ்கிறோம்!)

மனிதனும் ஏறத்தாழ இதையே செய்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணின் கீழேயுள்ள சுண்ணாம்புக்கல், மாரிநீரை வாங்கி வைத்துக்கொள்கிறது. மழையற்ற மாதங்களிலும் புகையிலை, வெங்காயம், மிளகாய்த் தோட்டங்கள் பசுமையாக நிற்பது அந்தச் சேமிப்பினால்.

அச்சேமிப்போ கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர். ஆழஞ் செல்லச் செல்ல உவர்நீர். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டென்பது நீரியலார் கணக்கு. மேலே 1 அடி குறையின், கீழிருந்து உவர் அந்த 40 அடியும் ஏறி வரக்கூடும்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. உவர் ஏறிய கிணற்றை நம் நா அறியுமுன் வெங்காயப் பாத்தி அறிந்துவிடும். தாளின் நுனி கருகத் தொடங்கும். அவ்விடத்தில் தென்னை இன்னும் சில காலம் தாங்கி நிற்கும். வெங்காயம் தாங்காது.