சாலைக் கிடங்குகளும் மூட்டையின் எடையும்

(திருவனந்தபுரத்தில் பயிற்சி அலுவலர்கள், பொருளாதார மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



இந்நகரின் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் கடைவீதிக்குச் 'சாலை' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் அமைத்த சந்தை அது. தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் அவ்வீதியின் சந்துகளில் பெரிய லாரி நுழையாது. ஆகவே அரிசியும் வெல்லமும் புளியும் தலைச்சுமையாகவே கிடங்கை அடைகின்றன.

சுமைதூக்கும் தொழிலாளர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நோக்குக்கூலி. அது 2018-ல் தடை செய்யப்பட்டது, தடை செய்யத்தக்கதே. ஆனால் அந்த விவாதத்தில் செலவிட்ட நேரத்தில் ஒரு பங்கையேனும் அவர்களுடைய முதுகெலும்பைப் பற்றிச் சிந்திக்க நாம் செலவிட்டதில்லை.

கேரளச் சுமைதொழிலாளர் சட்டம் 1978-ல் நிறைவேறியது. கூலி, பதிவு, சேமநலம் ஆகியவற்றுக்கு அது வழி செய்தது. ஒருவர் சுமக்கத்தக்க எடையின் வரம்பு நெடுங்காலம் 75 கிலோவாக இருந்தது. 2021-ல் சட்டமன்றம் அதை 55 கிலோவாகக் குறைத்தது. பெண்களுக்கும் இளம் தொழிலாளர்க்கும் 35 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 55 கிலோ என்ற அளவைப் பரிந்துரைத்ததோ 1967-ல்!

வரம்பு குறைந்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும் மூட்டையைக் கட்டுபவர் யார்? ஆந்திரத்திலோ வேறிடத்திலோ உள்ள அரிசி ஆலைக்காரர். கேரளத்துச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. சாலையில் இறங்கும் மூட்டை 75 கிலோவாக இருந்தால், அதைப் பாதியாகப் பிரித்துச் சுமக்கத் தொழிலாளியால் இயலாது. பை தைக்கப்படும் இடத்திலேயே எடை தீர்மானமாகிவிடுகிறது. குவிண்டால் மூட்டை வழக்கிலிருந்த காலம் போய், அரசுக் கொள்முதலில் 50 கிலோ பை இன்று பரவலாகிவிட்டதால், இம்மாற்றம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எவரும் சொல்வதற்கில்லை.

இங்கு பொருளாதார மாணவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 10 டன் சரக்கை 100 கிலோ மூட்டைகளாக இறக்கினால் 100 நடை. 50 கிலோவாயின் 200 நடை. கூலி டன் கணக்கில் இருந்தால், எடை குறைந்ததன் பயனாக அதே கூலிக்கு இருமடங்கு நடக்க நேரிடும். அந்நிலையில் தொழிலாளியே கனத்த மூட்டையை விரும்பினால் வியப்பில்லை. எடை வரம்பும் கூலி விகிதமும் ஒருங்கே திருத்தப்படாவிட்டால் சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும்.

அடுத்து, மூட்டை அடுக்கு. கேரளத்தில் இதை 'அட்டி' என்பர். ஒரு வரிசையை நீளவாட்டிலும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்து, மேலே செல்லச் செல்ல உள்நோக்கிச் சரித்து அடுக்கினால் அது நிற்கும். அவசரத்தில் நேர்ச்சுவர்போல் ஏற்றப்பட்ட அட்டியின் அடியிலிருந்து ஒரு மூட்டையை உருவினால் முழுவதும் சரியும். ஒழுங்காக அடுக்க நேரம் வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவர்க்கு அந்த நேரத்தை ஈடுசெய்பவர் எவருமில்லை. மரப்பலகையில் சிந்திய வெல்லப்பாகில் கால் வழுக்குவது, மிளகாய்த் தூசி கண்ணையும் நெஞ்சையும் வாட்டுவது போன்றவை தெரிந்தவையே. அவற்றைத் துடைப்பமும் முகத்துணியும் பெரிதும் தணிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத அபாயம் ஒன்றுண்டு. வண்டைக் கொல்ல வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளியிடும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து சுமார் 1 கிராம் வாயு. வாயுவுக்கு நிறமில்லை, பூண்டுபோன்ற மணத்தை நம்பி எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. பயிற்சி பெற்றவர்கள் அடுக்கை உறையால் மூடி, எச்சரிக்கைப் பலகை வைத்து, பல நாட்கள் பூட்டிவைத்து, பிறகு காற்றாட விட்டே ஆட்களை அனுமதிக்க வேண்டும். கிடங்கும் கடையும் வீடும் ஒரே சுவரைப் பகிரும் நெருக்கமான கடைவீதியில் இம்மாத்திரைக்கு இடமே தரலாகாது என்பது என் கருத்து.

கிடங்குகளை ஆய்வு செய்யும் பொறுப்பு உங்களில் சிலருக்கு விரைவில் வரும். இருப்புப் பதிவேட்டைக் கேட்கும்போதே, கடைசியாக மருந்திட்ட தேதியையும் கேளுங்கள். அன்று வந்திறங்கிய சரக்கில் ஒரு மூட்டையை உங்கள் முன்னிலையில் நிறுக்கச் சொல்லி, அந்த எடையையும் ஆலையின் பெயரையும் அறிக்கையில் பதிவு செய்யுங்கள்.