14 வரிகளுக்குள் ஒரு கலகம்

இன்றைக்கு நான் பேசப்போவது போர்ச்சுகல் நாட்டுக் கவிஞர் ஃப்ளோர்பேலா எஸ்பாங்காவைப் பற்றி.

1894 டிசம்பர் 8. நாட்டின் தெற்கே, வெயில் கொளுத்தும் அலென்தேஜு சமவெளியில், பளிங்குக்குப் பேர்போன வீலா விசோசாவில் பிறந்தார். அப்பா ஜுவாவ் மரியா, பழம்பொருள் வியாபாரி, புகைப்படக்காரர். அம்மா அவருக்கு மனைவி அல்ல. ஞானஸ்நானப் பதிவேட்டில் 'தந்தை யாரென்று தெரியாது' என்று எழுதிவிட்டார்கள். ஆனால் குழந்தை வளர்ந்ததென்னவோ அதே அப்பாவின் வீட்டில், அவர் மனைவியின் கையில்! வீட்டில் செல்ல மகள், ஏட்டில் யாரோ.

1917-இல் லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். 347 மாணவர்களில் பெண்கள் 14 பேர்தான். படிப்பு முடியவில்லை, ஆனால் 1919-இல் அவருடைய கவிதைத் தொகுப்பு 'துயரங்களின் நூல்' வெளிவந்தது. அச்சிட்டது 200 பிரதிகள்.

மூன்று திருமணங்கள், இரண்டு மணவிலக்குகள். 1910-இல் குடியரசு வந்த பிறகுதான் அங்கே மணவிலக்கே சட்டமானது. சட்டம் அனுமதித்ததை ஊர் வாய் அனுமதிக்குமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஃப்ளோர்பேலா அதிகம் எழுதியது சானட். 14 வரிகள்: முதலில் நான்கு நான்காக எட்டு, பிறகு மூன்று மூன்றாக ஆறு. எட்டு வரி முடிந்ததும் கவிதை ஒரு திருப்பம் எடுக்கும். பல நூற்றாண்டுகளாக அந்த வடிவத்தில் பெரும்பாலும் ஆண் பாடுவான், பெண் பாடப்படுவாள். ஃப்ளோர்பேலா அந்த வழக்கத்தைக் கவிழ்த்தார். அவர் கவிதையில் ஏங்குகிறவள், கேட்கிறவள், உடலின் ஆசையைச் சொல்கிறவள் பெண். ஒருவரையே ஆயுள் முழுக்கக் காதலிக்க முடியும் என்ற நம்பிக்கையையே ஒரு கவிதையில் மறுக்கிறார். அதுவும் இயைபு பிசகாமல், அசைக்கணக்கு தவறாமல்!

நான் நடத்தும் கவிதை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "இவ்வளவு சீற்றத்தை எதற்குக் கட்டத்துக்குள் அடைக்கணும் சார்?" பக்கத்தில் இருந்த பையன் முந்திக்கொண்டான்: "அணை கட்டினால்தானே தண்ணிக்கு வேகம் வரும்?" அன்றைக்கு நான் எடுக்க வேண்டிய பாடத்தை அவனே எடுத்துவிட்டான். புதுக்கவிதை எழுதும் இளம் நேயர்களே, ஒருமுறை இப்படிக் கணக்குப் போட்டு எழுதிப் பாருங்கள். கை வலிக்கும், ஆனால் எந்தச் சொல் வெறும் சதை என்று தெரிந்துவிடும்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. ஃப்ளோர்பேலாவின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1927-இல் தம்பி அப்பெலெஸ் ஓட்டிச் சென்ற விமானம் தேஜு ஆற்றில் விழுந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அவர்கள் இருவரும். அந்த இழப்பிலிருந்து ஃப்ளோர்பேலா மீளவே இல்லை. பிரெஞ்சு நாவல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். உடல்நிலையும் மனநிலையும் மோசமாயின. 1930 டிசம்பர் 8, தன் 36-ஆவது பிறந்தநாளன்று, உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய சிறந்த தொகுப்பான 'பூத்த புதர்வெளி' அடுத்த மாதம் வெளிவந்தது; இத்தாலியப் பேராசிரியர் குயிதோ பத்தெல்லி அதைப் பதிப்பித்தார். அப்பா அவரைத் தன் மகளென்று சட்டப்படி ஏற்றுக்கொண்டது 1949-இல். மகள் இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஃப்ளோர்பேலா என்றாலே கணவர்களையும் அந்தக் கடைசி நாளையும் மட்டும் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. நேயர்களே, நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ அவருடைய ஒரு சானட் கிடைத்தால் வாய்விட்டுப் படியுங்கள். எட்டாவது வரி தாண்டியதும் குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள். அந்தக் குரலை வைத்து அவரை எடைபோடுங்கள்.