முத்துச் சதுக்கத்தைக் காட்டாத கேமராக்கள்

2011-ல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தை அல் ஜசீரா ராப்பகலா நேரலையில காட்டுச்சு. அதே பிப்ரவரியில் பஹ்ரைன் மக்கள் முத்துச் சதுக்கத்தில் திரண்டாங்க. கேட்டது, மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசு. அரபு அல் ஜசீரா அடக்கி வாசித்தது. கத்தார் அரசோட காசாச்சே!

மன்னர் சன்னி, மக்களில் பெரும்பாலோர் ஷியா. உடனே "ஈரான் சதி" என்று முத்திரை குத்தியாச்சு. மார்ச் 14-ல் சவூதி படை நுழைந்தது. நாலே நாளில் முத்துச் சின்னத்தையே இடித்தார்கள்.

ஈரானின் அல் ஆலம் மட்டும் யோக்கியமா? பஹ்ரைனுக்குக் கண்ணீர் வடித்தது; சிரியாவில் அசாத்தை எதிர்த்த மக்களை அந்நியச் சதி என்றது.

பஹ்ரைனில் சுதந்திரமாக எழுதியது அல் வசத் நாளிதழ். அதன் நிறுவனர்களில் ஒருவர் கரீம் ஃபக்ராவி, 2011 ஏப்ரலில் போலீஸ் காவலில் செத்தார். 2017-ல் பத்திரிகையையே மூடினார்கள்.