மகிழடிச் சத்தியம்

(திருவொற்றியூரில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘மாதர் துயரும் நம் கடமையும்’ என்னும் பொருள் பற்றிச் சில கூறுமாறு சங்கச் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். இப்பொருள் பற்றிப் பேசும் உரிமை முதற்கண் பெண்மக்களுக்கே உரியது. தமிழ் கற்பித்து வாழும் ஓர் ஆடவராகிய எமக்கு இதன்கண் என்ன தகுதி உண்டென யாமே ஐயுற்றோம். ஆயினும் தீங்கு இழைப்போர் பெரும்பாலும் ஆடவராதலின், ஆடவர் ஒருவர் ஆடவரை நோக்கிச் சொல்ல வேண்டுவனவும் சில உள. அவற்றை மட்டுமே சொல்லத் துணிந்தோம். சொல் கடிதாயின் பெரியோர் பொறுத்தருள்க.

நாம் கூடியிருக்கும் இவ்வூர் சங்கிலியார் வாழ்ந்த ஊர். அவ்வம்மையார் ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து, இங்கு வந்து, ஒற்றியூர்ப் பெருமானுக்கு மாலை தொடுக்கும் திருத்தொண்டு பூண்டவர் என்பதைப் பெரியபுராணம் வல்லார் அறிவர். நம்பியாரூரர் அவரை மணக்க விரும்பி இறைவனை வேண்டினர். இறைவன் அம்மையார் கனவில் தோன்றி அதனைக் கூறியபோது, அவர் உடனே தலையசைத்து விடவில்லை. ‘அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்பவர் ஆயிற்றே’ என்று தம் ஐயத்தை ஆண்டவன் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். பிரியேன் என்று அவர் சூளுறுவார் என இறைவன் அருளினன். நம்பியாரூரரோ, யாம் சந்நிதியிற் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடியில் எழுந்தருள்க என்று இறைவனிடம் முன்னரே வேண்டிக்கொண்டனர். அஃதறிந்த அம்மையார் தோழியர் வாயிலாக, ‘சத்தியம் மகிழின் கீழ் நிகழ்க’ என்றனர். ஆண்டே சத்தியம் நிகழ்ந்தது. பின்னர் அதனைக் கடந்து ஊரெல்லை தாண்டியபோது நம்பியாரூரர் இரு கண்ணொளியும் இழந்தார். ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் திருவாரூரிலும் பெற்றார். ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவையை நாம் கண்குளிரக் காண்கின்றோம்.

அடியாரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. அவர் வரலாற்றின் திருவுள்ளக் குறிப்பை ஆராய்தல் எம் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டது. ஆயினும் இக்கதையில் ஒன்று நம் நெஞ்சிற் பதிதல் வேண்டும். ஒரு கன்னிப் பெண் ஐயம் கூறினாள். இறைவன் அவளை அடக்கவில்லை. ‘பெரியோர் சொல்லிவிட்டனர், நீ வாய் மூடு’ என்று கடிந்தானில்லை. அவள் ஐயத்தைக் கேட்டான். உண்மை பிணிக்கும் இடம் இதுவென அவளுக்கே உணர்த்தினான். ஆடவன் தனக்கு வசதியாகத் தேர்ந்த இடத்தில் அன்றி, பெண் கேட்ட இடத்தில் உண்மை விசாரிக்கப்பட்டது. நம் ஊரிலும் நம் சங்கத்திலும் இன்று அவ்வாறு நடைபெறுகின்றதா? இதுவே இன்று யாம் கேட்க வந்த வினா.

எம் தொழில் சொல்லாராய்ச்சியாதலின் முதலில் சொற்களைப் பார்ப்போம். பெண்ணை வலிந்து கெடுக்கும் கொடுமையை நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்று எழுதி வந்தோம். கற்பு என்னும் சொல் ‘கல்’ என்னும் பகுதியடியாகப் பிறந்தது. கற்றலே அதன் அடிப்பொருள் என்பர். தொல்காப்பியனாரோ கரணத்தொடு கூடிய மண வாழ்வையே கற்பு என வகுத்தார். ஒருவர் கற்றதை மற்றொருவர் அழித்தல் யாங்ஙனம்? ஒருத்தியின் ஒழுக்கம் அவள் உள்ளத்தது. கயவன் கை அதனைத் தீண்டாது. கள்வன் புகுந்த வீட்டைக் கள்வனின் வீடு என்போமா? அச்சொல் குற்றவாளியின் இழிவைப் பாதிக்கப்பட்டவள் தலையில் ஏற்றிற்று. பெண்ணியக்கத்தார் அதனை மறுத்துப் ‘பாலியல் வன்முறை’ என்றும் ‘வன்புணர்ச்சி’ என்றும் வழங்கலாயினர். அது மொழிக்குச் செய்த தொண்டுமாகும்.

மற்றொரு சொல் ‘ஈவ் டீசிங்’. தெருவிற் செல்லும் பெண்ணை வாயாலும் கையாலும் துன்புறுத்துவதற்கு விளையாட்டுப் பெயர் ஒன்று சூட்டினோம். 1998 ஜூலைத் திங்களில் சென்னை மாநகரில் கல்லூரி மாணவி ஒருத்தி, ஆட்டோவில் வந்த இளைஞர் கூட்டத்தின் அடாத செயலால் உயிர் துறந்தாள். விளையாட்டென்ற பெயர் அன்றே பொய்யாயிற்று. அவ்வாண்டில் அரசினர் ஒரு தடைச் சட்டம் செய்தனர். முதலில் அச்சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் இருந்தது. பின்னரே ‘பெண்களுக்குத் துன்பம் விளைத்தலைத் தடுக்கும் சட்டம்’ என்னும் பொருள்படப் பெயர் திருத்தப்பெற்றது.

சொற்களைத் திருத்துதல் எளிது. எம்மையே யாம் திருத்திக்கொண்ட கதையையும் கூறுதல் கடன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாலை மணி அடித்த பின் எம்மிடம் வந்து நின்றாள். ரயில்வே கேட்டை அடுத்த சந்தில் நாடொறும் நால்வர் நின்று வழிமறிக்கின்றனர் என்றாள். அதற்கு மேல் சொல்ல நாணினாள். யாம் என்ன கூறினோம்? ‘அம்மா, நீ வேறு வழியாக வா, தனியே வாராதே, தலை நிமிர்ந்து பாராதே’ என்றோம். அறிவுரை நன்றென்று எமக்குள் மகிழவும் செய்தோம். அப்பெண் ஊரைச் சுற்றிக்கொண்டு ஒரு மாதம் வந்தாள். பின்னர் வாராதொழிந்தாள். மீன் கூடையைப் பள்ளி வாயிலில் இறக்கி வைத்துவிட்டு அவள் தாய் உள்ளே வந்து, ‘ஐயா, பிள்ளையை நிறுத்திவிட்டோம்’ என்று சொல்லிச் சென்றாள். அந்நால்வர் அச்சந்திலேயே நின்றனர். அவர்களுள் இருவர் எம்மிடம் படித்தவர்கள். அவர்களை ஒரு சொல் கேட்டோமில்லை.

சென்ற ஆண்டு காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகை ஒன்றில் அவளைக் கண்டோம். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வணங்கினாள். அருகில் ஐந்து வயது மகள் நின்றாள். ‘ஐயா, இவளைப் படிக்க வைப்பேன், யார் சொன்னாலும் வேறு வழியாக அனுப்ப மாட்டேன்’ என்றாள். எம்மைக் குறை கூறும் கருத்து அவளுக்கு இருந்ததோ இல்லையோ யாம் அறியோம். தமிழ் படித்த எம் நாவுக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

பெண் வாய் திறவாவிடின் இசைந்தாள் என்பதும், வாய் திறந்தால் மானம் போயிற்று என்பதும் நம் நாட்டு வழக்காயிற்று. மகாராஷ்டிர மாநிலத்துத் தேசாய்கஞ்சு என்னும் ஊரில், 1972 மார்ச்சில், மதுரா என்று அறியப்பட்ட ஏழைப் பழங்குடிப் பெண் காவல் நிலையத்திலேயே கெடுக்கப்பட்டாள். உயர்நீதிமன்றம் காவலர் இருவரைத் தண்டித்தது. 1978 இல் உச்சநீதிமன்றம், அவள் உடம்பிற் காயமில்லை, எதிர்த்த அடையாளமில்லை என்று கூறி அவர்களை விடுதலை செய்தது. மறு ஆண்டில் சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். பெண்கள் பல நகரங்களில் வீதிக்கு வந்தனர். அதன் பயனாக 1983 இல் சட்டம் திருந்தியது. காவலில் நிகழ்ந்த கொடுமையில், யான் இசையவில்லை என்று பெண் கூறின் நீதிமன்றம் அதனையே மெய்யெனக் கொண்டு தொடங்குதல் வேண்டும் என்றாயிற்று. பெண்ணின் சொல்லுக்கு எடை கிடைத்தது. அவ்வெடையை ஈட்டிக் கொடுத்தவர்கள் பெண்களே.

நம் தமிழ்நாட்டு வாச்சாத்தியை நினைமின். தருமபுரி மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூர் அது. 1992 ஜூன் 20 ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் திரண்டு புகுந்தனர். 18 பெண்கள் கெடுக்கப்பட்டனர். அரசாங்கச் சீருடைக்கு எதிராகப் பழங்குடிப் பெண்ணின் சொல் யாது செய்யும் என்று பலரும் எண்ணினர். அப்பெண்களோ சொன்ன சொல்லிற் பிறழாது நின்றனர். 2011 செப்டம்பர் 29 இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் அதற்கு முன்னரே இறந்து போயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். 2023 இல் அதே செப்டம்பர் 29 ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முப்பத்தோர் ஆண்டுகள்! மகிழடியில் நின்ற சங்கிலியாரின் உறுதியை யாம் ஏட்டிற் படித்தோம். வாச்சாத்தியில் நம் காலத்திலேயே கண்டோம்.

இனி, சொல்வதற்கு அரிய பகுதிக்கு வருகின்றோம். நம் குலத்துப் பெண்ணுக்கு வேற்றுக் குலத்தான் ஒருவன் தீங்கிழைப்பின் நாம் கொதித்தெழுகின்றோம். குலமானம் போயிற்று என்கின்றோம். தீங்கிழைத்தவன் நம்மவனாயின்? இரவோடிரவாகப் பெரியதனக்காரர் நால்வர் கூடுகின்றனர். ‘பையன் வாழ்க்கை பாழாகுமே’ என்கின்றனர். பெண்ணின் தகப்பனார் கையில் சிறிது பணம் வைக்கப்படுகின்றது. சிலபோது அக்கொடியவனுக்கே அவளை மணமுடித்து, விளக்கேற்றி, ‘விஷயம் முடிந்தது’ என்று வீடு திரும்புகின்றனர். அவளை அக்கூட்டத்தில் எவரும் ஒரு சொல் கேட்பதில்லை. கொதித்ததும் அவள்பொருட்டன்று, அடங்கியதும் அவள்பொருட்டன்று. அவளை நம் குலத்தின் உடைமையாகக் கருதியே இரண்டும் செய்தோம். கொதித்த நாளிலும் அவளுடைய நெஞ்சை நாம் நினைத்தோமில்லை.

இவ்வழக்கம் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. 2015 இல் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே இத்தகைய வழக்கொன்று சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளில், மற்றொரு வழக்கில், வன்புணர்ச்சிக் குற்றத்திற் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என உச்சநீதிமன்றம் அழுத்தந்திருத்தமாகக் கூறியது. சில நாள்களில் உயர்நீதிமன்றமும் அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றமே திருத்திக்கொண்ட பிழையை நம் திண்ணைப் பஞ்சாயத்து விடாது பற்றுதல் அறமாகுமா?

சட்டமும் நம்மை வாளாவிருக்க விடவில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இழைக்கப்பட்ட பாலியற் குற்றத்தை அறிந்தும் அறிவியாதிருத்தல் 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். மூடி மறைத்த பெரியவர், தாம் குலத்தைக் காத்ததாக எண்ணுவார்; சட்டம் அவரையும் குற்றவாளி என்னும்.

2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது, ஊர் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பின்னர் நீதி கேட்டு நாட்கணக்கில் அமர்ந்த கூட்டத்தில் பெண்கள் திரளாக இருந்தனர். ‘தெருவில் உட்காருதல் பெண்ணுக்கு அழகோ’ என்று நாம் எவரும் கேட்டோமில்லை. மூச்சுக் காற்றுக்காகப் பெண் குரலெழுப்பினாற் பெருமை. தன் உடம்பின்பொருட்டுக் குரலெழுப்பினால் இழிவோ?

பெரியோர்களே! இச்சபையின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: இத்தகைய குற்றம் எதனையும் இனி நம் சங்கத்தார் பஞ்சாயத்தில் வைத்துத் தீர்ப்பதில்லை என்று தீர்மானம் செய்தல். பெண் விரும்பினால் அவளுடன் காவல் நிலையத்துக்குச் செல்லுதலே நம் கடமை. எந்தக் காவல் நிலையத்திலும், எல்லை பாராது, முறையீட்டைப் பதிவு செய்தல் வேண்டும். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கட்டணமின்றி உடனே சிகிச்சை அளித்தல் வேண்டும். 181 என்னும் எண்ணும், பிள்ளைகட்கு 1098 என்னும் எண்ணும் நம் சங்கக் கட்டிட வாயிலில் எழுதப்படுதல் நன்று.

இரண்டு: நிர்வாக சபையில் பெண்களுக்கு இடம் அளித்தல். இராயபுரம் முதல் எண்ணூர் வரை விடியுமுன் எழுந்து மீன் ஏலத்துக்கும், கொட்டகைக்கும், ஆலைக்கும் செல்வோர் நம் பெண்கள். பத்துப் பேருக்குக் குறைந்தோர் வேலை செய்யும் இடத்திலும் முதலாளியோ மேஸ்திரியோ தவறிழைப்பின், மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழுவிடம் முறையிட 2013 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. முறையீட்டை மூன்று மாதத்துள் செய்தல் வேண்டும். ராஜஸ்தானத்துப் பன்வாரி தேவி என்னும் ஏழைப் பணியாளர் 1992 இல் பட்ட துயரிலிருந்தே, 1997 ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பும் பின்னர் இச்சட்டமும் பிறந்தன. இதனை நம் பெண்களுக்கு எடுத்துச் சொல்லப் பெண்களே தகுதியுடையர்.

மூன்று: ஆண் பிள்ளைகளை வளர்த்தல். ‘இருட்டுமுன் வீடு வா’ என்று மகளுக்கு ஆயிரம் முறை சொல்லும் நாம், ‘சந்தில் நிற்காதே’ என்று மகனுக்கு ஒருமுறை சொன்னதுண்டா? தாய் உண்ட பின் எச்சிற் கலத்தை மகன் எடுக்கும் வீட்டில், பெண் தனக்குச் சமம் என்பதை அவன் சொல்லாமலே கற்பான். இதில் எம் போன்ற ஆசிரியர்க்குப் பங்கு பெரிது. எம் பங்கை யாம் ஒருமுறை தவறவிட்டோம் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டோம்.

வழி மாற வேண்டியவர் சந்தில் நின்றவர்களே அன்றிப் பள்ளிக்குச் சென்றவள் அல்லள். இத்துணை எளிய உண்மை எமக்கு விளங்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அத்துணைக் காலம் வேண்டா என நம்புகின்றோம். பெண் கேட்கும் இடத்தில் நின்று உண்மை சொல்லும் துணிவும், அவள் சொல்லைக் கேட்கும் செவியும் இவ்வூர் மகிழடி நமக்கு அருள்வதாக.