டீக்கடை பெஞ்சில் படித்த பாடம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவன் பத்திரிகையைப் பற்றிப் பேச வந்துட்டானே!" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியது தினத்தந்தியில்தான். ஊர் டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். கன்னித்தீவு சிந்துபாத்துக்காக நானும் அங்கே காத்துக் கிடந்திருக்கிறேன்.

அந்த நாளிதழை 1942 நவம்பர் 1-இல் மதுரையில் தொடங்கியவர் சி.பா. ஆதித்தனார். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். உலகப் போர்க் காலம். காகிதத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. பத்திரிகை என்றாலே படித்தவர்களுக்குத்தான் என்றிருந்த அந்த நாளில், பாமரனுக்காக ஒரு பத்திரிகை நடத்தத் துணிந்தார். சின்னச் சின்ன வாக்கியம், பேச்சில் புழங்கும் சொல், பெரிய தலைப்பு, படம். இதுதான் அவர் வழி. செய்தியாளர்களுக்கென்று ஒரு கையேடே எழுதினார்.

கொலை, கொள்ளைச் செய்திக்கு அதிக இடம் கொடுக்கிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எளிமையின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு பிரஸ் மெஷினுக்கு எச்சரிக்கைப் பலகை எழுதும் பொறுப்பு எனக்கு. நல்ல ஆங்கிலத்தில், நீளமாக எழுதி மாட்டினேன். மூன்றே மாதத்தில் ஒரு தொழிலாளிக்கு இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கோபப்படவில்லை. "அந்தப் போர்டுல என்ன சார் எழுதியிருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாளே பலகையை மாற்றினேன்: "கரண்டை நிறுத்து. அப்புறம் கை வை." அப்பா எழுத்துக்கூட்டினால்கூடப் புரியும்.

நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. ஆனால் தந்தி என்ற பெயரோடு அந்த நாளிதழ் தொடர்ந்து வந்தது. தம்பி தங்கைகளே, நீங்கள் நாளைக்கு எழுதப்போகும் அறிக்கையும் பலகையும் யார் கண்ணுக்குப் போகும் என்று ஒரு நிமிஷம் நினையுங்கள். அவருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.