இல்லமே முதற் பள்ளி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் ஆலயம் எழும்பிய வரலாற்றைப் பேசுவது வழக்கம். அதை வேறு பலர் செவ்வனே செய்வார்கள். நாம் இன்று பேச விரும்புவது, பள்ளிக்குச் செல்லும் வயது வராமல் நம் வீடுகளில் ஓடித் திரியும் மூன்று, நான்கு வயதுச் செல்வங்களைப் பற்றி.

வீடு சந்திக்கச் செல்லும்போது தாய்மார் இரண்டு குறைகளை நம்மிடம் சொல்வதுண்டு. “சாமி, பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது, பென்சிலைக் கொடுத்தால் அழுகிறான்” என்பது ஒன்று. “எங்களுக்குப் படிப்பில்லை சாமி, நாங்கள் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மறுமொழி ஒன்றுதான். முதலில் குழந்தையின் கை படிக்கட்டும். எழுத்து பின்னால் வரும். கைக்குப் பாடம் சொல்ல வீட்டுப் பொருள்களே போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதைச் சொல்லித் தரலாம்.

இது நம்முடைய கண்டுபிடிப்பு அன்று. 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, உரோமை நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்று திறக்கப்பட்டது. அதை நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு மருத்துவர். பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்து விடப்பட்ட குழந்தைகளே அங்கு வந்தார்கள். விளையாட்டுப் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, கையால் செய்யும் வேலைகளையே அவர்கள் விரும்பியதை அம்மையார் கண்டார். அவரே 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவர் வழியை ஒட்டி, நம் வீடுகளில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, ஊற்றுதல். ஒரு பாயை விரித்து, இரண்டு சிறு டம்ளர்களை வையுங்கள். ஒன்றில் பாதியளவு அரிசி இருக்கட்டும். அதை மற்றதில் மெதுவாகச் சாய்த்துக் காட்டுங்கள். அப்போது பேச வேண்டாம். பேசினால் குழந்தை உங்கள் வாயைப் பார்க்கும். பேசாவிட்டால் கையைப் பார்க்கும். பிறகு குழந்தை செய்யட்டும். சிந்தினால் திட்டாமல், சிறு துடைப்பத்தைக் கொடுங்கள். கூட்டி எடுப்பதும் பாடமே. அரிசி பழகியபின் தண்ணீர்.

இரண்டாவது, பிரித்தல். கொண்டைக்கடலையையும் மொச்சையையும் கலந்து முறத்தில் இட்டு, இரண்டு கிண்ணங்களில் பிரிக்கச் சொல்லுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் அதில் உழைக்கின்றன. நாளை பென்சிலைப் பிடிக்கப் போவதும் அந்த மூன்று விரல்களே. ஆனால் குழந்தைகள் பயற்றை மூக்கிலும் வாயிலும் போட்டுக் கொள்வதுண்டு. ஆகவே பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே தீர வேண்டும்.

மூன்றாவது, எண்ணுதல். ஒன்று முதல் இருபது வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் “ஐந்து புளியங்கொட்டை கொடு” என்று கேட்டுப் பாருங்கள், அள்ளிக் கொடுக்கும். வாய்க்கு எண் தெரியும், கைக்குத் தெரியாது. இதற்குப் பல்லாங்குழியைவிடச் சிறந்த பாடக் கருவி ஏது? பதினான்கு குழிகளில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே எண்ணட்டும். நான்கு சேர்ந்தால் பசு என்று பாட்டி சொல்லும்போது நான்கு என்பது நன்றாகப் பதிந்துவிடும். ஒன்றுமில்லாத குழியைக் காட்டி, இதுதான் பூச்சியம் என்று சொல்லிவிடலாம்.

நான்காவது, எழுத்து. மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் சிலவே இறுகியிருக்கும். மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைப்பது நியாயமா? தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பி, விரலால் எழுதட்டும். முதலில் நேர்கோடுகளால் ஆன ட, ப. பிறகு வளைவுகள் மிகுந்த அ, இ. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தால், தடவித் தடவியே வடிவத்தை அறிந்து கொள்ளும்.

மணல் எழுத்தை யாரும் இழிவாக எண்ண வேண்டாம். சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் குரு, நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். அவர் 1797-ல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாகச் சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்துக்கும் சென்றது. நம்மிடமிருந்து பிறர் கற்றதை நாமே மறந்துவிடலாமா?

ஐந்தாவது, பேச்சு. வேலை செய்துகொண்டே “பா என்று தொடங்குவது வீட்டில் என்னென்ன?” என்று கேளுங்கள். பாய், பானை, பால் என்று பிள்ளை தேடித் தேடிச் சொல்லும். கதையும் விடுகதையும் தாலாட்டும் சொற்களை வளர்க்கின்றன. கைபேசியில் ஓடும் பாட்டு குழந்தையிடம் பேசும். குழந்தை சொல்வதைக் கேட்காது. கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரை பார்ப்பது நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டலாகாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியுள்ளது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் போதும். குழந்தைக்குச் சலிப்புத் தட்டினால் எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு நேரமேது என்று கேட்கலாம். மாலையில் துவைத்த துணியை மடிக்கும்போது, ஒரு துண்டைக் குழந்தையிடம் கொடுங்கள். பாதியாகவும் காலாகவும் மடிப்பது கணக்குப் பாடம் அல்லவா? தந்தையரும் இதில் பங்கு கொள்ள வேண்டும்; இது தாயின் வேலை மட்டுமன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று எடுத்துரைக்கிறது. படித்த பெற்றோர் என்று அதில் குறிப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே, “எங்களுக்குப் படிப்பில்லை” என்று இனி எந்தத் தாயும் தலைகுனிய வேண்டாம். முறமும் மணலும் புளியங்கொட்டையும் பாட்டியின் கதையும் இருக்கிற வீடு ஒரு பள்ளிதான். அழுதுகொண்டே கற்கிற பிள்ளை, எழுத்தோடு சேர்த்து வெறுப்பையும் கற்றுக் கொள்கிறது. மகிழ்ந்து கற்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். மற்றதை ஆசிரியர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

உங்கள் இல்லங்களையும் குழந்தைச் செல்வங்களையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.