முளகுமூட்டுப் பிள்ளைகள்



மதுரையிலிருந்து தெற்கே நாகர்கோவில் போய், அங்கிருந்து திருவனந்தபுரம் சாலையில் தக்கலையைத் தாண்டினால் முளகுமூடு. மாதா கோயிலுக்குப் பேர்போன ஊர். அங்கே இருந்த பெண் பிள்ளைகளின் அநாதை இல்லத்தைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1890களில் அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கொல்லம் மறைமாவட்டத்தில் பணிசெய்த பெல்ஜியம் நாட்டுக் கார்மேல் சபைக் குருக்கள், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று தங்கள் நாட்டில் கேட்டார்கள். ஈப்பர் நகர மடத்திலிருந்து மரிய லூயிஸ் தெ மேஸ்தர் என்ற கன்னியாஸ்திரி கிளம்பினார். வயது 40. துணைக்கு ஒரே ஒரு இளம் பெண். இருவரும் 1897 நவம்பர் 7 அன்று முளகுமூடு வந்து சேர்ந்தார்கள்.

ஈப்பர், லேஸ் பின்னலுக்குப் பேர்போன ஊர். முளகுமூட்டிலும் பிள்ளைகள் லேஸ் பின்னக் கற்றார்கள். இந்தப் பக்கத்துக்கு லேஸ் புதிதல்ல. 1820களிலேயே நாகர்கோவிலில் சீர்திருத்த சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அங்கே அடிமைப் பெண்கள் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான்!

லேஸ் பின்னுவதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். இறுக்கமான ஒரு திண்டு. அதன்மேல் கோலப்புள்ளி மாதிரி துளையிட்ட அட்டை, துளைக்குத் துளை குண்டூசி. நூல் சுற்றிய சிறு கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அவற்றை இடம் மாற்றி, முறுக்கி, மறுபடி மாற்றிப் போடப் போட, ஊசிகளைச் சுற்றிப் பின்னல் விழும். ஒரு கட்டை இடம் மாறிவிட்டால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அந்தப் பிள்ளைகளுக்கு மரிய லூயிஸ் அம்மாதான் தாய் என்று சொல்வார்கள். எனக்கோ, அவர் தொடங்கிய கன்னியர் சபைக்கே இந்தப் பிள்ளைகள்தான் தாய் என்று படுகிறது. இவர்களை வளர்க்க வந்த இடத்தில்தான் அந்தச் சபை பிறந்தது. 1910இல் பிலிப்பைன்ஸ் வரை போனது. அவர் விட்டுவந்த ஈப்பர் நகரத்தை முதல் உலகப்போரில் குண்டுகள் தரைமட்டமாக்கிவிட்டன. அவர் 1928இல் பெல்ஜியத்தில் காலமானார்.

அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. பின்னியவர்களின் பெயரும் நிலைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டி பின்னிய லேஸ் துண்டு இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.